தேதி மாறிக்கொண்டே இருந்த உத்தரவு

போன மாதப் பொதுக்குழுவுக்கு வராதவர்களுக்காக முதலில் ஒரு தகவல். கீழே கார் நிறுத்துமிடத்தில் மின்சார வண்டிகளுக்குத் தனி சார்ஜிங் லைன் இழுக்கலாமா என்ற விஷயம் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. முடிவு எடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். வந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் லைனைப் பற்றிப் பேசியது பத்து நிமிஷம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் டில்லியைப் பற்றித்தான்.

"2030-க்கு அப்புறம் பெட்ரோல் காரே விக்கமாட்டாங்கன்னு சொன்னாங்களே, என்ன ஆச்சு?" என்றார் ஒருவர். "மானியம் தர்றோம்னு வாங்க வெச்சாங்க, பாதியில குறைச்சிட்டாங்க" என்றார் இன்னொருவர். "பழைய வண்டிக்கு பெட்ரோல் போடமாட்டோம்னு உத்தரவு போட்டு மூணே நாள்ல பின்வாங்கினாங்க. இவங்களை நம்பியா நாம லட்சக்கணக்குல செலவு பண்றது?" என்று மூன்றாமவர் கேட்டபோது கைதட்டலே விழுந்தது. எதிர்த்தரப்பில் இருந்தவர்களும் கைதட்டியதைப் பார்த்தேன்.

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்கிறவன் கூட்டத்தில் அதிகம் பேசக்கூடாது என்பது என் கொள்கை. அதனால் அன்று வாய் திறக்கவில்லை. ஆனால் இதே பேச்சை, இதே கோபத்தோடு, வேறொரு ஊரில் நான் கேட்டுவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் என் மகள் இருக்கிறாள். 2022-இல் ஒருமுறை, இந்த வருஷம் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஒருமுறை, அங்கே இருந்தோம். அமெரிக்கா போய் வந்த கதையா என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். நயாகரா படம் எதுவும் இதில் இல்லை. மின்சாரக் கார் விற்றே ஆகவேண்டும் என்று உலகத்தில் முதன்முதலில் பெரிய அளவில் உத்தரவு போட்ட இடம் அந்த மாநிலம். முப்பத்தைந்து வருஷமாக அந்த உத்தரவு பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு 1943 ஜூலைக்குப் போகவேண்டும். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒருநாள் பழுப்பு நிறப் புகை வந்து மூடியது. கண் எரிச்சல், தொண்டை அரிப்பு, நாலு தெரு தாண்டிப் பார்க்க முடியவில்லை. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே பலர் பயந்தார்கள். அது எதிரி போட்டதல்ல, அந்த ஊர்க்காரர்களின் சொந்தப் புகை என்று தெரிய சில வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு நாட்டு ரசாயன விஞ்ஞானி. அன்னாசிப் பழத்துக்கு அந்த வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர்! அந்தக் கருவிகளை வைத்துக்கொண்டே ஊர்க் காற்றையும் ஆராய்ந்தார். காரிலிருந்தும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வரும் வாயுக்கள் வெயில் பட்டு மாறித்தான் இந்தப் புகைமூட்டம் உண்டாகிறது என்றார். கார் கம்பெனிகள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

1967-இல் மாநிலம் தனக்கென்று ஒரு காற்றுவள வாரியம் அமைத்தது. அதற்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்ட கவர்னர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். வாரியத்தின் முதல் தலைவர் அந்த அன்னாசிப் பழ விஞ்ஞானிதான். அதே வருஷம் வாஷிங்டன் ஒரு சலுகை கொடுத்தது. வண்டிப் புகைக்கு நாடு முழுவதும் ஒரே விதி. ஆனால் கலிஃபோர்னியா மட்டும், மத்திய அரசிடம் விலக்கு வாங்கிக்கொண்டு, அதைவிடக் கடுமையான விதி போட்டுக்கொள்ளலாம். இந்த 'விலக்கு' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாச் சண்டையும் இதைச் சுற்றித்தான்.

1990 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் ஒரு மின்சாரக் காரைக் காட்டியது. மாதிரிதான், விற்பனைக்கு இல்லை. ஆனால் அதைப் பார்த்த வாரியம், "ஆஹா, முடியும் போலிருக்கிறதே" என்று நினைத்துவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் உத்தரவு வந்தது. பெரிய கம்பெனிகள் ஏழும் அந்த மாநிலத்தில் விற்கும் புதுக் கார்களில் 1998-இல் 2 சதவீதம், 2001-இல் 5 சதவீதம், 2003-இல் 10 சதவீதம் துளிகூடப் புகை விடாத காராக இருக்கவேண்டும். அன்றைய நிலையில் அப்படியென்றால் மின்சாரக் கார் என்றுதான் அர்த்தம்.

கவனியுங்கள், இதில் வாங்குபவர் மீது எந்தக் கட்டாயமும் இல்லை. கட்டாயமெல்லாம் விற்பவர் மீது. இன்றுவரை இதைக் குழப்பிக்கொண்டுதான் அங்கேயும் இங்கேயும் சண்டை நடக்கிறது. ஆனால் காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். விற்பவன் மேல் போடும் சுமை அவன் தலையிலேயே நின்றுவிடாது. விலையாகவோ, கடையில் கிடைக்கும் வண்டியின் வகை குறைவதாகவோ, ஏதாவது ரூபத்தில் வாங்குபவரிடம் வந்துசேரும். மக்களுக்கு அது தெரியாது என்று நினைத்த அரசியல்வாதிகள்தான் பின்னால் சங்கடப்பட்டார்கள்.

1998 வரவே இல்லை. அதாவது வருஷம் வந்தது, உத்தரவு வரவில்லை. பேட்டரி இன்னும் தயாராகவில்லை என்று வாரியமே நியமித்த நிபுணர் குழு சொன்னது. கார் கம்பெனிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் எதிர்ப்பில் முழுமூச்சாக இறங்கியிருந்தன. 1996 மார்ச்சில் வாரியம் 2 சதவீதத்தையும் 5 சதவீதத்தையும் எடுத்துவிட்டது. 2003-இன் 10 சதவீதம் மட்டும் தாளில் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், உத்தரவு பல் பிடுங்கப்பட்ட அதே 1996 டிசம்பரில்தான் ஜெனரல் மோட்டார்ஸின் இ.வி.1 என்ற மின்சாரக் கார் தெருவுக்கு வந்தது. இரண்டே பேர் உட்காரலாம். முதலில் வந்ததில் நம் இன்வெர்ட்டரில் இருக்கிற மாதிரி லெட்-ஆசிட் பேட்டரி; ஒருமுறை சார்ஜ் செய்தால் நூறு கிலோமீட்டர் சொச்சம் ஓடும். மொத்தம் செய்தது 1,117 கார்கள். விலைக்குக் கிடையாது, லீஸுக்கு மட்டும். மாதாமாதம் வாடகை கட்டலாம், கடைசியில் வண்டி கம்பெனிக்கே. லீஸ் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்ற வழக்கமான ஷரத்து அந்த ஒப்பந்தத்தில் இல்லை. வங்கியில் ஹைப்பாதிகேஷன் பத்திரங்களை வரிவரியாகப் படித்தவனுக்கு இந்த ஒரு விஷயமே போதும், கம்பெனி ஒரு கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது என்று புரிய.

ஆனால் ஓட்டியவர்கள் அந்தக் காரின் மேல் உயிரையே வைத்தார்கள். வீட்டுச் சுவரில் சார்ஜர் மாட்டினார்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினார்கள். இதுதான் இனிமேல் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறதே என்று நம்பினார்கள்.

2002-இல் ஜெனரல் மோட்டார்ஸ், டெய்ம்லர்கிரைஸ்லர், கார் டீலர்கள் எல்லாரும் சேர்ந்து வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஜார்ஜ் புஷ்ஷின் மத்திய அரசு கம்பெனிகள் பக்கம் நின்று கோர்ட்டில் மனுக் கொடுத்தது. 2003 ஏப்ரலில் வாரியம் மறுபடி விதியை மாற்றியது. பேட்டரி கார் இல்லாமலே கணக்கை நேர்செய்துகொள்ள ஹைட்ரஜன், ஹைப்ரிட் என்று வேறு வழிகள் திறந்தன. அந்த வருஷம் வாஷிங்டனில் வந்த வரிச் சட்டத்தையும் சொல்லாமல் விடமுடியாது. மின்சாரக் கார் வாங்கினால் அதிகபட்சம் 4,000 டாலர் வரிச் சலுகை. ஆனால் சிறுதொழில் செய்பவர் ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள கனமான வண்டி வாங்கினால் 1,00,000 டாலர் வரை ஒரே வருஷத்தில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ஹம்மர் மாதிரி எருமை வண்டிகளுக்கெல்லாம் இது பொருந்தியது. ஒரே அரசாங்கம், ஒரே வருஷம்! தேய்மானக் கணக்கு எழுதியவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்த வண்டியை வாங்கச் சொல்கிறார்கள் என்று தெரியும்.

லீஸ் முடிய முடிய இ.வி.1 கார்கள் திரும்ப வாங்கப்பட்டன. எங்களுக்கே விற்றுவிடுங்கள், ரிப்பேருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதித் தருகிறோம் என்று கேட்டவர்கள் உண்டு. 2005-இல் பர்பாங்க் என்ற ஊரில் கம்பெனியின் வளாகத்தில் நின்ற கடைசி 78 கார்களுக்கு, தலைக்கு 24,000 டாலர் வீதம் 19 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி, வாசலிலேயே இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி சம்மதிக்கவில்லை. உதிரி பாகம் இல்லை, பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரமுடியாது என்றது. சில கார்கள் அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும், பெரும்பாலும் ஓட முடியாதபடி செய்து, கொடுக்கப்பட்டன. மற்றவை நசுக்கப்பட்டன.

இதை என் மாப்பிள்ளை சொல்லிக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது கார் அல்ல. 2008-இல் நான் டெல்டா பக்கம் ஒரு கிராமக் கிளையில் கவுன்டரில் இருந்தேன். அந்த வருஷப் பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2007 டிசம்பர் 31 அன்று தவணை தவறி நின்ற கடன்களுக்குத்தான் அது. கெடு தவறாமல் கட்டியவர்களுக்கு எதுவும் கிடையாது. மாட்டை விற்று நவம்பரில் கடனை அடைத்த ஒரு பெரியவர் வந்தார். பெயர்ப் பட்டியலை ஒட்டியிருந்த பலகையில் இரண்டு தடவை தேடிப் பார்த்தார். பிறகு பாஸ்புக்கை என் முன்னால் வைத்து, "சார், நான் என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பாஸ்புக்கில் வட்டி என்ட்ரி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கட்டாமல் இருந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கஷ்டமும் கண்ணால் பார்த்ததுதான். ஆனால் அந்தப் பெரியவர் அடுத்த கடனைக் கெடுவுக்குள் கட்டியிருப்பாரா? சந்தேகம்தான்.

பர்பாங்க் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களும் அந்தப் பெரியவர் மாதிரிதான். உத்தரவை எதிர்த்தவர்களுக்குப் பெரிதாக ஒரு நஷ்டமும் இல்லை. காத்திருந்த கம்பெனிகள் கடைசியில் ஜெயித்தன. முதலில் நம்பியவர்களிடம்தான் சுவரில் மாட்டிய சார்ஜர் மட்டும் மிஞ்சியது.

இனி ஃப்ரீமான்ட். மகள் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிஷத்தில் டெஸ்லா தொழிற்சாலை. அந்த இடத்தில் 1960-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் செய்தது. 1982-இல் மூடினார்கள். பிறகு டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 1984-இல் இருந்து நடத்தி, 2010 ஏப்ரலில் அதையும் மூடினார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. அடுத்த மாதமே டெஸ்லா அந்த இடத்தை 4.2 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

இங்கேதான் பழைய உத்தரவு மறுபடி உயிர்பெறுகிறது. வாரியம் விதியைத் தளர்த்தியதே தவிர ஒழிக்கவில்லை. தன் அளவுக்கு மின்சாரக் கார் விற்காத கம்பெனி, அதிகமாக விற்ற கம்பெனியிடம் 'கிரெடிட்' வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். நம் ஊரில் ஒருவர் பட்டாவை இன்னொருவர் ஜாமீனாகக் காட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்லா விற்றது முழுக்க மின்சாரக் கார். கிரெடிட் குவிந்தது. 2020-இல் அந்தக் கம்பெனி முதன்முதலாக முழு வருஷ லாபம் காட்டியது, 72 கோடி டாலர். அந்த வருஷம் கிரெடிட் விற்று வந்த வருமானம் 158 கோடி டாலர். இரண்டாவது எண் இல்லாவிட்டால் முதல் எண் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே கழித்துப் பாருங்கள். உத்தரவே வேண்டாம் என்று பின்னால் பேசியவர்கள் பலர் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்வதில்லை.

2022-இல் நாங்கள் அங்கே இருந்தபோது ஆகஸ்ட் 25 அன்று வாரியம் புது விதி போட்டது. 2026 மாடலில் 35 சதவீதம், 2030-இல் 68, 2035-இல் 100. அதற்குப் பிறகு புதுப் பெட்ரோல் கார் விற்பனை அந்த மாநிலத்தில் கிடையாது. பிளக் வைத்த ஹைப்ரிட் மட்டும் ஓரளவு கணக்கில் சேரும். பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நாங்களும் அதே விதி என்றன.

சரியாக ஆறு நாள். ஆகஸ்ட் 31-இல் தொடங்கிக் கடும் வெயில் அலை. மாலை 4 மணியிலிருந்து 9 மணி வரை ஏ.சி.யைக் குறையுங்கள், மின்சாரக் காரை சார்ஜ் போடாதீர்கள் என்று மின்தொகுப்பை நடத்துபவர்கள் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாடு முழுவதும் சிரிப்புத்தான். செப்டம்பர் 6 சாயங்காலம் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் இருந்த எல்லா செல்போனும் ஒரே நேரத்தில் அலறியது. மின்சாரத்தைச் சேமியுங்கள் என்று அரசின் அவசரச் செய்தி. என் மனைவி பயந்துபோய் பூகம்பம் என்றே நினைத்தாள். அன்றைக்கு அந்த மாநில வரலாற்றிலேயே அதிக மின்தேவை, 52,000 மெகாவாட்டுக்கு மேல். செய்தி போன சில நிமிஷங்களில் தேவை சரிந்தது. மின்வெட்டு வராமல் தப்பியது. அதுவும் உண்மை. ஆனால் "கார் வாங்கு என்கிறான், சார்ஜ் போடாதே என்கிறான்" என்ற கேலி தங்கிவிட்டது. மகள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நடைப்பயிற்சியில் பழக்கம். அவர் சொன்னதன் சாரம் இது: மின்சாரக் கார் மேல் எனக்கு விரோதம் இல்லை, என் வயதில் என்ன ஓட்டவேண்டும் என்று சாக்ரமென்டோவில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் சொல்வதுதான் பிடிக்கவில்லை. அவர் பேச்சு எனக்கு நம் பொதுக்குழுவில் கேட்டது.

அதற்குப் பிறகு 'விலக்கு' என்ற அந்த வார்த்தையின் கதை. 2019-இல் டிரம்ப் அரசு அதைப் பறித்தது. 2022-இல் பைடன் அரசு திருப்பிக் கொடுத்தது. 2024 டிசம்பரில், பதவி முடிய ஒரு மாதம் இருக்கும்போது, 2035 விதிக்கும் விலக்கு கொடுத்தது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற அன்றே டிரம்ப் மின்சார வண்டிக் கட்டாயத்தை ஒழிப்பதாக ஆணையிட்டார். மே மாதம் செனட் 51-க்கு 44 என்று வாக்களித்தது. ஜூன் 12-இல் அவர் கையெழுத்துப் போட விலக்கு ரத்து. கலிஃபோர்னியா அன்றே வேறு பத்து மாநிலங்களோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போயிற்று. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். டி.வி.யில் ஒரு சேனல் விடுதலை என்றது, அடுத்த சேனல் துரோகம் என்றது.

மத்திய அரசில் அப்படி ஒரு 'கட்டாயம்' இருந்ததா என்பதே சண்டைதான். பைடன் 2021-இல் சொன்னது, 2030-இல் விற்கும் புதுக் கார்களில் பாதி மின்சாரமாக இருக்கவேண்டும் என்ற இலக்கு; சட்டம் அல்ல. 2024-இல் போட்ட விதி புகையின் சராசரி அளவுக்கு. ஆனால் மின்சாரக் கார் கணிசமாக விற்காமல் அந்தச் சராசரியைத் தொடுவது கஷ்டம் என்பதால் அதைக் கட்டாயம் என்று அழைத்தவர்களையும் முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. 2021 நவம்பரில் நெடுஞ்சாலைகளில் சார்ஜிங் நிலையங்களுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அந்தப் பணத்தில் முதல் நிலையம் திறந்தது 2023 டிசம்பரில், ஒஹையோவில். இரண்டு வருஷம்! தேதியை முன்னால் போட்டுவிட்டு வேலையைப் பின்னால் செய்தால் எதிர்க்கட்சிக்கு வேறு பிரசாரமே தேவையில்லை. 2023 செப்டம்பரில் கார்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பைடன் மறியலுக்கே நேரில் போய் நின்றார். மறுநாள் டிரம்ப் அதே மிச்சிகனுக்கு வந்து, மின்சாரக் கார் உங்கள் வேலையைத் தின்றுவிடும் என்று பேசினார். காருக்குக் கட்சி நிறம் வந்துவிட்டது. டெஸ்லா முதலாளி டிரம்ப் பக்கம் போனதும் அதுவும் தலைகீழ். ஃப்ரீமான்ட் கடைத்தெருவில் சில டெஸ்லா கார்களின் பின்னால் ஸ்டிக்கர் பார்த்தேன்: அந்த முதலாளிக்குப் பைத்தியம் பிடிப்பதற்கு முன்னால் வாங்கிய கார் இது என்ற அர்த்தத்தில். காருக்கு மன்னிப்புக் கேட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிற நிலைமை.

7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. நெடுஞ்சாலையில் தனியாகப் போனாலும் கார்பூல் லேனில் போக அனுமதிக்கும் ஸ்டிக்கரும் கலிஃபோர்னியாவில் அதே நாள் காலாவதி. அந்த லேனுக்காகவே இரண்டு வருஷம் முன்னால் பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கியவர் என் மாப்பிள்ளை. "நாற்பது நிமிஷம் மிச்சமாகும்னு கணக்குப் போட்டேன் மாமா" என்று ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். அந்தக் கடைசி வாரம் ஷோரூம்களில் மார்ச் 31 கவுன்டர் மாதிரி கூட்டம். அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் மின்சாரக் கார் விற்பனை அதுவரை இல்லாத உச்சம். வேண்டாம் என்று இழுத்து மூடப்போகும் கடையில்தான் அத்தனை வியாபாரம்.

நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் மின்துறை அமைச்சராக இருந்த பியூஷ் கோயல், 2030-க்குள் நாட்டில் ஒரு பெட்ரோல், டீசல் காரும் விற்காத நிலை வரவேண்டும் என்றார். அதே வருஷம் நிதின் கட்கரி, பிடிக்கிறதோ இல்லையோ செய்தே தீருவேன் என்று கார் கம்பெனிகளிடமே சொன்னார். 2018 தொடக்கத்தில் மின்சார வண்டிக்கென்று தனிக் கொள்கை தேவையில்லை என்று அவரே சொல்லிவிட்டார். 2019-இல் நிதி ஆயோக், 2025-இல் இருந்து 150 சி.சி.க்குக் கீழ்ப்பட்ட பெட்ரோல் இருசக்கர வண்டியே விற்கக்கூடாது என்று யோசனை சொன்னது, ஓசூர் டி.வி.எஸ்., புனே பஜாஜ் எல்லாரும் எதிர்க்க, அதுவும் போயிற்று. மானியம் மட்டும் 2021 ஜூனில் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக, வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்று உயர்ந்தது. 2023 ஜூன் 1-இல் 10,000 ரூபாயாக, 15 சதவீதம் வரை என்று இறங்கியது. நான் ஸ்கூட்டர் வாங்கியது அந்த மே மாதக் கடைசி வாரத்தில். எதிர் வீட்டுக்காரர் ஆடி தள்ளுபடிக்குக் காத்திருந்து, அதே வண்டியை இருபதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார். இன்றும் லிஃப்டில் பார்த்தால் அந்தத் தேதியைச் சொல்லித்தான் சிரிப்பார். 2025 ஜூலை 1-இல் டில்லியில் 10 வருஷம் ஆன டீசல், 15 வருஷம் ஆன பெட்ரோல் வண்டிகளுக்கு பங்க்கில் எண்ணெய் கிடையாது என்று தொடங்கி, மூன்றாம் நாளே டில்லி அரசு நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதியது. அதற்குள் நல்ல நிலையில் இருந்த காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் இருந்தார்கள். உத்தரவை மதித்தவர்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு.

ஆகையால் அன்று கைதட்டியவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கோபம் நியாயமானது. கலிஃபோர்னியாவில் இந்த முப்பத்தைந்து வருஷத்தில் மாறாமல் நின்ற ஒரு சட்டமும் இருக்கிறது. அது எந்த ஜனாதிபதியின் கண்ணிலும் படவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

2012 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் சட்டம் அது. அடுக்குமாடி, தனி வளாகம் போன்ற கூட்டுக் குடியிருப்புகளில் ஒருவர் தனக்கு ஒதுக்கிய இடத்தில் சார்ஜர் வைக்க விண்ணப்பித்தால், நியாயமான காரணம் இல்லாமல் சங்கம் தடுக்கக்கூடாது. விண்ணப்பம் கைக்கு வந்த 60 நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் சம்மதித்ததாகவே அர்த்தம். இன்னொரு பக்கம், வைக்கிற செலவு, மின்சாரக் கட்டணம், பொதுச்சுவருக்கோ பக்கத்து இடத்துக்கோ சேதம் வந்தால் அதன் செலவு எல்லாம் வைப்பவர் பொறுப்பு. காப்பீடும் அவர்தான் எடுக்கவேண்டும். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் வேலை செய்யவேண்டும். வீட்டை விற்றால் சார்ஜர் இருப்பதை வாங்குபவருக்குச் சொல்லவேண்டும். யார் யாரை என்ன வண்டி வாங்கச் சொல்கிறார்கள் என்பதில் அந்தச் சட்டம் தலையிடுவதே இல்லை. மகள் குடியிருப்பில் அந்த லாரி மெக்கானிக்தான் சங்கத்தின் கட்டடக் குழுவில் இருக்கிறார். அவருடைய வண்டி பழைய பெட்ரோல் பிக்கப். மகளுடைய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

நம் கட்டடத்தில் இன்று 64 வீடுகள். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நானே நேரில் எண்ணியதில் மின்சார ஸ்கூட்டர் 11, மின்சாரக் கார் 3. இவற்றில் நாலு வண்டிக்குப் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்குகிறது. அதில் ஒன்று என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் அந்த ஒயர்களின் மேல் தண்ணீர் சொட்டியதை வாட்ச்மேன் இரண்டு தடவை என்னிடம் காட்டினார். பொது மீட்டரில் இன்னும் எவ்வளவு லோடு தாங்கும், கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் என்ன டெபாசிட், ஒவ்வொரு வண்டிக்கும் தனி சப்-மீட்டர் வைத்தால் என்ன செலவு என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கித் தரச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். வண்டி வைத்திருக்கும் 14 வீட்டாரும் மட்டும் செலவைப் பங்கிட்டால் எவ்வளவு, 64 வீடும் பங்கிட்டால் எவ்வளவு என்று இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

மகள் நிரப்பிய விண்ணப்பம் இரண்டே பக்கம். அதைத் தமிழில் எழுதி சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புபவர்கள் மாலை 6 மணிக்கு மேல் வாருங்கள், சாவி மேனேஜரிடம் இருக்கும்.